போல் பைதன்களை ஒப்படைக்க ஒரு வழி திறவுங்கள்: வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், திணைக்களத்தின் மிருக வைத்தியர்களுக்கும், கட்டுநாயக்க விமான நிலையத்தில் கடமையாற்றும் சுங்க அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கொழும்பில் வீடுகளுக்குள்ளும் தொடர்மாடிகளிலும் போல் பைதன் எனப்படும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்புகள் வளர்க்கப்படுகின்றன. பெரும்பாலானவற்றுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். இவற்றை இனி வைத்திருக்க முடியாதவர்கள் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? கொடுத்தால் அவர்களுக்கு என்ன நடக்கும்? வாங்கியெடுத்த பாம்பை எப்படி உயிரோடு வைத்திருப்பது? இந்த மூன்று கேள்விக்கும் எவரும் கையில் எடுத்துப் படிக்கக்கூடிய பதில் வேண்டும். அதற்காகவே, பாம்பு மீட்பிலும் ஊர்வன பராமரிப்பிலும் பழக்கமுள்ள நாங்கள் இதை எழுதுகிறோம்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இறக்குமதிக்கு வழிவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் ஓர் ஊர்வனவை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அது அப்படியே இருக்கட்டும். போல் பைதன், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ள இனம்; இலங்கை 1979 இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. பயணப் பொதிக்குள் பாம்பை ஒளித்துக் கொண்டுவருபவர் மீது சட்டம் முழுக்கப் பாயவேண்டும். எங்கள் கவலை, ஏற்கனவே உள்ளே வந்துவிட்ட பாம்பைப் பற்றியது.

இதன் ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் எலிவளைகளுக்குள்ளும் கறையான் புற்றுகளுக்குள்ளும் பகலைக் கழித்து, இரவில் இரை தேடும். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளில் சூல்கொண்ட பெண் பாம்புகளை வளையிலிருந்து பிடித்து, முட்டையிட வைத்து, குஞ்சுகளை ஏற்றுமதி செய்வது ஒரு தொழில். வளர்ந்த பாம்பு 90 முதல் 150 சென்ரிமீற்றர் இருக்கும். பெண் இன்னும் சற்று நீளலாம். நிறை ஒன்றரை முதல் இரண்டு கிலோ. நஞ்சு இல்லை. பயந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். கடிக்காத பாம்பு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது 20, 30 ஆண்டு வாழும் என்பதைச் சொல்லி விற்பவர் அரிது. உயர்தரம் படிக்கும்போது பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய பாம்பு, பிள்ளை கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போனபின் அம்மாவின் தலையில் விழுகிறது. எலி உறையவைத்த பெட்டியைத் திறக்கவே அம்மாவுக்கு மனம் வராது. விற்கப் போனால் சட்டம், ஒப்படைக்கப் போனாலும் சட்டம் என்று வீடே பயந்து கிடக்கிறது.

அந்தப் பயம் போய் முடிகிற இடம் பெரும்பாலும் ஒரு வயல்வெளி, ஒரு சதுப்பு, பொல்கொட ஏரிக்கரை, பெல்லன்வில-அத்திடிய பக்கம். இதுதான் நடக்கவே கூடாதது. கொழும்பில் ஆண்டு முழுவதும் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். குளிர் வந்து கொல்லும் என்று நம்பியிருக்க இங்கே குளிர்காலம் இல்லை. எலிக்கும் பஞ்சமில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்பு வணிகம் வழியாக வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பின் பாலூட்டிகளை எப்படிக் குறைத்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். அதைவிட அதிகம் பேசப்படாதது, அந்தப் பாம்புகளோடு போன ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி இன்று அங்குள்ள உள்நாட்டுப் பாம்புகளிலும் பரவியிருப்பது. போல் பைதன் இங்கே குடும்பம் பெருக்குமா என்பதற்கு முன்னால், அது சுமந்துவரும் சிற்றுண்ணியும் வைரசும் நம்முடைய மலைப்பாம்புக்கும் சாரைக்கும் தொற்றுமா என்பதே அவசரமான கேள்வி. பைதன்களின் சுவாசத்தைத் தாக்கும் நிடோவைரசும், போவாக்களையும் பைதன்களையும் தாக்கும் உள்ளடக்க உடல் நோயும் உலகெங்கும் வளர்ப்புப் பாம்புகளில் அறியப்பட்டவை. சில பாம்புகள் பார்வைக்குச் சுகமாக இருந்துகொண்டே அவற்றைச் சுமக்கும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, கால எல்லையுள்ள ஓர் அறிவிப்புக் காலம். அயலிலேயே முன்னுதாரணம் உண்டு. இந்திய சுற்றுச்சூழல் அமைச்சு 2020 யூனில் அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் தாமாக முன்வந்து அறிவிக்க ஆறு மாதம் கொடுத்தது. அந்தக் காலத்துக்குள் அறிவித்தவரிடம் ஆவணம் கேட்கவில்லை. பிந்தியவர் எல்லா ஆவணமும் காட்டவேண்டும் என்றது. 2024 இல் சைட்டிஸ் விலங்குகளைப் பதிவதற்குத் தனி விதிகளே வந்தன.

இந்த ஏற்பாட்டின் ஓட்டையும் எங்களுக்குத் தெரியும். அறிவிப்புக் காலத்துக்குள் புதிதாகக் கடத்திவந்ததையும், பிறகு பொரித்த குஞ்சையும் பழையது என்று எழுதிவிடலாம். அதனால் பதியும்போதே தோலுக்கடியில் ஊசியால் அடையாள மைக்ரோசிப் ஏற்றவேண்டும். 200 கிராமுக்குக் குறைந்த குஞ்சுக்கு ஊசி பெரிது. அதற்கு இரு பக்க விலாவின் வடிவங்களையும் மேலிருந்து தலையையும் ஓர் அளவுகோலோடு படமெடுத்து வைத்தால் போதும். அந்த வெளிர்த் திட்டுகளும் அவற்றுக்குள் இருக்கும் புள்ளிகளும் பாம்புக்குப் பாம்பு வேறு, வளர்ந்தாலும் அமைப்பு மாறாது. இனப்பெருக்கம் தடை என்று எழுதுங்கள். ஆணையும் பெண்ணையும் பிரித்துவைத்தால் போதும் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். பெண் பாம்பு விந்தைப் பல மாதம் சேமித்து வைக்கும். ஆணே இல்லாமலும் சில வேளை முட்டையிடும். அமெரிக்காவின் சென் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் ஏறத்தாழ 62 வயதுப் பெண் பாம்பு ஒன்று, குறைந்தது 15 ஆண்டு ஆணோடு சேராமலிருந்து, 2020 இல் 7 முட்டை இட்டது. எனவே முட்டை கண்டால் ஓரிரு நாளுக்குள் உறைபெட்டியில் வைத்து, திணைக்களத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனையாகட்டும்.

இரண்டாவது, பொறுப்பேற்ற பாம்பை வைத்திருக்கும் முறை. இதில் நாங்கள் சற்று விரிவாகவே எழுதுகிறோம். கடத்தலில் தப்பிய பாம்பு நல்லெண்ணத்தோடு வைக்கப்பட்ட அறையிலேயே சாவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னச் சின்ன விடயங்கள்தான்.

பொதிக்குள் அகப்படுவது துணிப்பையிலோ காலுறையிலோ முடிச்சிட்டு இருக்கும். அந்த முடிச்சை மேசைமேல் அவிழ்க்க வேண்டாம். உள்ளே என்ன பாம்பு என்று எழுதியிருந்தாலும், கண்ணால் காணும்வரை நஞ்சுள்ளதாகவே எண்ணுங்கள். பூட்டு மூடியுள்ள 60 லீற்றர் அளவான பிளாஸ்ரிக் பெட்டிக்குள் பையை வைத்து, நீளமான கவ்வியால் முடிச்சைத் தளர்த்தி, மூடிவிட்டால் அது தானாக வெளியே வரும். படமெடுப்பது பெட்டிக்கு வெளியே நின்றபடியே நடக்கட்டும்.

பெட்டியின் இரு நீளப் பக்கங்களிலும் மேல் பாதியில் 4, 5 மில்லிமீற்றர் துளைகளைச் சூடான ஈயப்பற்றுக் கோலால் போடலாம். உள்ளே வழவழப்பான பத்திரிகைத் தாளோ சமையலறைத் தாளோ போதும். தனிமைப்படுத்தும் காலத்தில் தும்புத்தூள் வேண்டாம். சிற்றுண்ணியும் எச்சமும் அதில் மறைந்துவிடும். ஒரே அளவில் இரண்டு ஒளிவிடங்கள், ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். கவிழ்த்த பூச்சாடியில் 5, 6 சென்ரிமீற்றர் வாசல் வெட்டினாலே ஒளிவிடம்தான், ஆனால் அளவு முக்கியம்: சுருண்டிருக்கும்போது உடல் சுவர்களைத் தொடவேண்டும். விசாலமான வீடு கட்டிக்கொடுத்தால் இந்தப் பாம்பு பயந்து பட்டினி கிடக்கும். வளையில் வாழும் உயிர் அது.

வெப்பம் பற்றிய நூல் அறிவு பெரும்பாலும் குளிர்நாட்டுக்கு எழுதப்பட்டது. சூடான பக்கம் 31 முதல் 33 பாகை, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 பாகை என்பதே இலக்கு. கொழும்பில் சாதாரண காற்றோட்டமுள்ள அறையே அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்றிலொரு பங்கு தரைக்கடியில் ஒரு சிறிய சூட்டுப் பாய், அதன் சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டட், போதும். தெர்மோஸ்டட்டின் உணரியைப் பாய்க்கும் பெட்டியின் அடிக்கும் நடுவில் ஒட்டவேண்டும். உள்ளே தொங்கவிட்டால் பாம்பு அதைத் தள்ளும், அல்லது சிறுநீர் பட்டு அது தவறாகக் காட்டும். பாய் 45 பாகை வரை போய் வயிறு வெந்துவிடும். பாம்பு சுடுகிறது என்று உணர்ந்து விலகும் என்று நம்பவேண்டாம், அடியிலிருந்து வரும் சூட்டுக்கு அது மெதுவாகவே விலகும். மின்வெட்டு இங்கே பெரிய ஆபத்தல்ல. பெரிய ஆபத்து இரண்டு: 22 பாகையில் ஓடும் ஏசி அறை, தகரக்கூரைக் களஞ்சியம். முதலாவதில் செரிமானம் நின்று இரையை வாந்தியெடுக்கும், நாளடைவில் நெஞ்சுச்சளி வரும். இரண்டாவதில் நண்பகல் 38 பாகை தாண்டினால் நரம்பு கெட்டுச் சில மணி நேரத்தில் செத்துவிடும்.

ஈரப்பதனிலும் நிலைமை தலைகீழ். ஐரோப்பாவில் தண்ணீர் தெளித்து 60 வீதத்துக்கு ஏற்றப் பாடுபடுகிறார்கள். கொழும்பின் காற்றில் அது பெரும்பாலும் அதைவிட அதிகம். தெளிப்பானை எடுக்கவே வேண்டாம். இங்கே பாம்பைக் கெடுப்பது ஈரமான தாளும் அசையாத காற்றும் சேர்ந்த நிலை. வயிற்றுச் செதில்களின் ஓரம் முதலில் இளஞ்சிவப்பாகும், பிறகு பழுப்பாகும், பிறகு கொப்புளம் வரும். தாள் நனைந்த அன்றே மாற்றுங்கள். தண்ணீர்க் கிண்ணம் குளிர்ந்த பக்கம் இருக்கட்டும், பாம்பு கவிழ்க்க முடியாத பாரமானதாக. ஏசி அறையைத் தவிர்க்க முடியாவிட்டால் மட்டும் ஈரத்துணி வைத்த ஒரு மூடிய டப்பாவைக் கூடுதலாக வையுங்கள்.

எறும்பு. வெளிநாட்டுக் கையேடு எதிலும் இது பெரிதாக இராது. கொழும்பில் செத்த எலியின் மணத்துக்கு அரை மணி நேரத்தில் வரிசை வந்துவிடும், சட்டை கழற்றப் போகும் பாம்பின் கண்ணோரத்தைக் கடிக்கும். றாக்கையின் நான்கு காலையும் சவர்க்காரத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள். எறும்புப் பொடியும் கொசு மருந்தும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது.

முதல் நாளில் செய்யவேண்டியது நிறுத்தலும் பார்த்தலும். கிராமில் காட்டும் சமையலறைத் தராசு போதும். தாடையின் கீழ்ப் பள்ளத்திலும், கண்ணைச் சுற்றியும், மேலுதட்டின் வெப்பக் குழிகளுக்குள்ளும் கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் அவை சிற்றுண்ணிகள். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் போலக் கிடக்கும். இங்குள்ள சூட்டில் முட்டையிலிருந்து முழுவளர்ச்சிக்கு இரண்டு, மூன்று வாரம்தான். அவை முட்டையிடுவது பாம்பின் மேலல்ல, பெட்டியின் இடுக்கில். எனவே பாம்பைக் கழுவி அதே பெட்டிக்குள் விட்டால் பயனில்லை. பெட்டியைக் கொதிநீரால் கழுவி வெயிலில் காயவிட்டு, ஒளிவிடங்களை மாற்றி, மூன்று வாரம் தொடர்ந்து பார்க்கவேண்டும். 90 நாள் தனிமைப்படுத்தல் வேண்டும். நம்முடைய மலைப்பாம்பு, கிழக்கில் வெங்கிணாந்தி என்பது, இருக்கும் அறையில் ஒரு நாள்கூட வைக்கக்கூடாது. கவ்வி, கொக்கி, கிண்ணம் எல்லாம் தனித்தனி. பராமரிப்பவர் உள்நாட்டுப் பாம்புகளை முதலில் பார்த்துவிட்டுக் கடைசியில் இந்த அறைக்குப் போகட்டும்.

ஏழு நாள் உணவு வேண்டாம், தொடவும் வேண்டாம். பிறகு, 100 கிராம் குஞ்சுக்கு 10 முதல் 15 கிராம் எலிக்குஞ்சு வாரம் ஒன்று. 1,500 கிராம் பாம்புக்கு 80 கிராம் அளவான எலி மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று. உறையவைத்த எலியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு இளகவிட்டு, பையில் கட்டி வெந்நீரில் 15 நிமிடம் வைத்து, தலைப்பக்கம் 38 பாகை அளவு சூடானதும் இரவில் கவ்வியால் காட்டவேண்டும். வெப்பக் குழியால் பார்த்து அடிக்கும் பாம்புக்குக் குளிர்ந்த எலி உணவாகத் தெரியாது. உயிரெலியைப் போட்டுவிட்டுப் போவது கொடுமை. பசியில்லாத பாம்பின் முதுகை எலி எலும்புவரை தின்னும். சாக்கடை எலி வேண்டவே வேண்டாம். அது எலிப்பாஷாணம் தின்றிருக்கலாம், பிடிப்பவருக்கே எலிக்காய்ச்சல் வரலாம்.

சாப்பிட மறுப்பதைக் கண்டு பதறி வாயைத் திறந்து ஊட்டுவதால் இறக்கும் பாம்புகள் உண்டு. வளர்ந்த போல் பைதன் மாதக்கணக்கில் பட்டினி இருக்கும், சுகமாகவும் இருக்கும். இரண்டு வாரத்துக்கொருமுறை நிறுங்கள். ஆரம்ப நிறையில் பத்திலொன்று குறைந்தால் வைத்தியரிடம் போங்கள். வாந்தியெடுத்திருந்தால் இரண்டு வாரம் விட்டு, பாதி அளவு இரையோடு தொடங்குங்கள். தலை ஆடிக்கொண்டும் சுழன்றுகொண்டும் இருக்கும் ஒரு நிறவகை உண்டு, ஸ்பைடர் என்று விற்பார்கள். அதன் உட்காது பிறவியிலேயே பிழையாக அமைந்தது. நோயென்று எண்ணி உடனே கருணைக்கொலைக்கு எழுதிவிட வேண்டாம். அதே ஆட்டம் வேறு நிறப் பாம்பில் திடீரென வந்தால் அதைத்தான் தீவிரமாக எடுக்கவேண்டும்.

கொழும்பின் மிருக வைத்தியர்களுக்கும் இதில் ஓர் உறுதி கொடுங்கள். பத்திரம் இல்லாத பாம்பைத் தொட்டால் தனக்கு வில்லங்கம் வருமோ என்ற தயக்கத்தில் வைத்தியர் திருப்பியனுப்பினால், உரிமையாளர் நாய்க்குக் கொடுக்கும் மருந்தை வீட்டில் ஊசியேற்றுவார். நீர்வற்றிய பாம்பில் ஜென்ரமைசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். என்ரோபுளொக்சசின் ஊசி போட்ட இடத்தை அழுகவைக்கும். சுவாசத் தொற்றுக்கு செப்டாசிடைம் கிலோவுக்கு 20 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்கொருமுறை, உடலின் முன்பாதியில் என்பது ஊர்வன மருத்துவத்தில் வழக்கமான அளவு. பாம்பு 30 பாகையில் இருந்தால்தான் மருந்து வேலை செய்யும். சிகிச்சை செய்வது குற்றமல்ல, தகவலைப் பதிந்து அனுப்பினால் போதும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தாலே நிறைய உயிர் தப்பும். சால்மொனெல்லா பற்றியும் அதில் ஒரு வரி இருக்கட்டும்: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில் இந்தப் பாம்பு கூடாது, கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் கூடாது.

கடைசியாக, அடையாளம். தப்பியோடிய போல் பைதனை அயலவர் கண்ணாடி விரியன் என்று அடித்துக் கொல்வது ஒரு பக்கம். மறுபக்கம் இன்னும் பயங்கரமானது: போல் பைதன் என்று நினைத்து ஒருவர் விரியனைக் கையால் தூக்குவது. விரியனின் முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி போன்ற நீள்வட்டங்கள் ஓடும். செதில் நடுவே வரம்பு இருப்பதால் சொரசொரப்பாகத் தெரியும். குக்கர் விசில் போலச் சீறும். போல் பைதனின் செதில் மழமழப்பு, விலாவில் ஒழுங்கற்ற வெளிர்த் திட்டுகள், மேலுதட்டில் வரிசையாகக் குழிகள். இந்தக் குழியைப் பார்க்கும் தூரத்துக்குப் போவதே விரியனிடம் ஆபத்து. ஆகவே பொதுமக்களுக்கான அறிவித்தலில் ஒன்றுதான் இருக்கவேண்டும்: தொடாதீர்கள், ஒரு பெரிய வாளியைக் கவிழ்த்து மேலே கல் வைக்க முடிந்தால் வையுங்கள், இல்லையேல் கண்ணை எடுக்காமல் தூரத்தில் நின்று அழையுங்கள். அதிகாரிகளுக்கான குறிப்பில் இன்னொன்றும் சேரவேண்டும். நாட்டு மலைப்பாம்பின் குஞ்சைப் போல் பைதன் என்று சொல்லி விற்க இடமுண்டு. தலைமேல் அம்புமுனை அடையாளம் இருந்தால் அது போல் பைதன் அல்ல, சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட நம்முடையதாக இருக்கலாம். அதை விற்பவருக்கு மேலே சொன்ன அறிவிப்புக் காலச் சலுகை எதுவும் பொருந்தக்கூடாது.

ஒப்படைப்பு நிலையமாக பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் ஓர் அறையும், வாரத்தில் குறித்த ஒரு நாளும், பொறுப்பான ஓர் அதிகாரியும் இருந்தால் தொடங்கலாம். இடம் போதாதபோது, பரிசோதனைக்கு வீட்டைத் திறந்துவிடச் சம்மதிக்கும் பராமரிப்பாளர்களிடம் எழுத்து மூலம் ஒப்படையுங்கள். பாம்பின் உரிமை திணைக்களத்திடமே இருக்கட்டும். வளர்ந்த பாம்பொன்றுக்கு 120 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள பூட்டுக் கூடு, வெப்பமானி, மாத நிறைப் பதிவு: இம்மூன்றும் இல்லாத வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். அறிவித்தல் வெளிவரும் அன்றே சிங்களத்தோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் வரவேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள ஒரு வீட்டார், பாம்பைப் பையில் கட்டுவதற்கு முன் அந்தத் தாளை வாசித்து, எந்த நாளில் எத்தனை மணிக்கு எந்த வாசலால் வருவது என்று அறிந்துகொள்ள முடியவேண்டும்.

இப்படிக்கு,
கொழும்பிலுள்ள பாம்பு மீட்பாளர்களும் ஊர்வன பராமரிப்பாளர்களும்